மனசு வைத்தால் முடியுமா?

“ஏடிஎச்டியாவது, ஒண்ணாவது! மனசு வச்சா முடியும்.” ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு உள்ளவர்களுக்கு, வீட்டுப் பெரியவர்கள் முதல் அலுவலக மேலாளர்கள் வரை எல்லோரிடமும் தயாராக இருக்கும் தீர்ப்பு இது. இதற்குத் துணையாக அவர்கள் அடுக்கும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

இது இப்போது கிளம்பிய ஃபேஷன் என்பது முதல் வாதம். அறிவில் குறையில்லாதிருந்தும் தன்னைக் கட்டுப்படுத்த முடியாமல் தவிக்கும் குழந்தைகளைப் பற்றி ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் லண்டனில் விரிவுரை ஆற்றியது 1902-ல். நூற்றிருபது வருஷமாக நீடிக்கும் ஃபேஷன் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

வளர்ந்தால் சரியாகிவிடும் என்பது அடுத்தது. ஓட்டமும் துள்ளலும் வயதோடு குறையலாம். மறதியும் தள்ளிப்போடலும் பலருக்குக் கூடவே வருகின்றன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டில், குழந்தைகளுக்கு ஆறு அறிகுறிகள் வேண்டும் என்றால், 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஐந்து போதும் என்று தனி அளவே வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் கெட்டியானது. “மூணு மணி நேரம் அசையாம கேம் ஆடுறானே, பாடம்னா மட்டும் வலிக்குதா?” நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். பக்கத்தில் வைத்த தண்ணீர் பாட்டில் திறக்கப்படவில்லை. கால் மரத்திருக்கிறது. சிறுநீர் முட்டுகிறது, எழுந்து போகவில்லை. தாடை இறுகியிருக்கிறது. சாப்பாடு ஆறிப்போய், அம்மா நாலாவது முறை கூப்பிடும்போது எரிந்து விழுகிறான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மன ஒருமை. உள்ளே நடப்பதோ, பிடித்ததில் மாட்டிக்கொண்ட கவனத்தைக் கழற்றி எடுக்க முடியாத நிலை. ஏடிஎச்டி என்பது கவனமே இல்லாத கோளாறு அல்ல, தன்னைத்தானே நடத்திக்கொள்வதில் உள்ள கோளாறு என்று உளவியலாளர் ரஸல் பார்க்லி பல்லாண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான்.

தாகமும் சிறுநீரும் அவனுக்கு ஏன் உறைக்கவில்லை? பசி, தாகம், இதயத்துடிப்பு போன்ற உள்ளுடல் சேதிகளை உணரும் திறனை நரம்பியல் தனியாகவே ஆராய்கிறது. ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு அது மங்கலாக இருக்கலாம் என்று சில ஆய்வுகள் காட்டியுள்ளன. எல்லா ஆய்வும் ஒரே பக்கம் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி எல்லாவற்றிலும் கொடுமையான வாதம்: “சொன்ன சொல்லைக் காப்பாத்தத் தெரியாது, இவனை எப்படி நம்புறது?” இதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர் ஒரு கட்டத்தில் தானும் அதையே சொல்ல ஆரம்பிக்கிறார். பிறகு அதை அழிக்கப் பெரிய சபதமாக எடுக்கிறார்: நாளையிலிருந்து ஐந்து மணிக்கு எழுவேன், ஒரே மூச்சில் முடிப்பேன். இரவு இரண்டு மணிக்கு, தூக்கம் கெட்டு, வயிறு காய்ந்த நிலையில் எடுக்கும் சபதம் அது. உடம்பின் இருப்பைப் பார்க்காமல் கொடுத்த வாக்கு நிற்காததில் என்ன ஆச்சரியம்? அங்கே தோற்றது கணக்கு. குணத்தின் மேல் பழி போடுகிறோம்.

சபதத்துக்கு முன்னால் ஒரு சோதனை போதும்: தாடை, தோள், வயிறு, சிறுநீர்ப்பை. நான்கையும் வரிசையாகக் கவனிக்க அரை நிமிஷம் ஆகாது. டீ குடிக்கும்போதோ நாற்காலியை விட்டு எழும்போதோ செய்துகொள்ளலாம். “தோள் இறுகியிருக்கு, இருபது நிமிஷம்தான் ஓடும்” என்று தெரிந்தால் இருபது நிமிஷ வேலையை மட்டும் ஒப்புக்கொள்ளலாம். அது நடந்து முடியும். தன் சொல் பலிக்கிறது என்ற அனுபவம் இப்படிச் சில்லறையாகத்தான் சேரும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

உடனே, “அப்போ தியானம் பண்ணச் சொல்லு” என்பார்கள். கண்ணை மூடி ஒரு மணி நேரம் உட்காருவது இவர்களில் பலருக்குத் தண்டனை. அமெரிக்காவில் லிடியா சைலோவ்ஸ்கா குழுவினர் 2008-ல் வெளியிட்ட எட்டு வாரப் பயிற்சி ஐந்து நிமிஷத்தில் தொடங்கியது; நடந்துகொண்டே செய்யவும் இடம் தந்தது. கலந்துகொண்டவர்கள் 32 பேர்தான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. நம்பிக்கை தரும் தொடக்கம் என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்லக் கூடாது.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம், உடம்பின் பேச்சைக் கேட்டால் மாத்திரையே வேண்டாம் என்கிறது. அதுவும் தவறு. மருந்து பலருக்கு உண்மையிலேயே உதவுகிறது. நிறுத்துவதா தொடர்வதா என்பதை மனநல மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். சொல்லப்போனால், ஏடிஎச்டிக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து பசியைக் குறைக்கலாம். அதைச் சாப்பிடுகிறவர் வயிற்றை இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திட்டுவதற்கு முன், கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டால் பழக்கத்தில் ‘ஆச்சு’ என்றுதான் பதில் வரும்.