ஊற்றும் கைக்கு ஏற்ற கெண்டி

தேநீர்க் கெண்டியிடம் இல்லத்தரசி எதிர்பார்ப்பவை மிகச் சில. இலை ஊறி முடியும்வரை அது சூட்டைக் காக்க வேண்டும். சாய்க்கும்போது மூடி கழன்று கோப்பையில் விழலாகாது. மூக்கிலிருந்து ஒழுகி மேசை விரிப்பைக் கறைப்படுத்தலாகாது. கைப்பிடி விரலைச் சுடலாகாது. இவ்வளவே. ஆயினும் இச்சிறு கடமைகள் அனைத்தையும் ஒருங்கே நிறைவேற்றும் கெண்டி எளிதில் அமைவதில்லை. மேனாட்டுக் கலைஞர் பலர் ஏறக்குறைய 150 ஆண்டுகளாக இதற்குப் புதிய உருவம் தேடி வந்துள்ளனர். அவர்தம் படைப்புகளுள் சில அருங்காட்சியகத்தை அடைந்தன. சில அடுக்களையை அடைந்தன. இரண்டையும் அடைந்தவை சிலவே. திருமணப் பரிசாகவோ வீட்டிற்கெனவோ புதுவகைக் கெண்டியும் கோப்பையும் வாங்க எண்ணும் வாசகர்களோடு சேர்ந்து இவ்வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க விழைகிறோம்.

முதலில் ஒரு வேடிக்கை. பிரெஞ்சுக் கலைஞர் ஜாக் கரேல்மன், எங்குமே கிடைக்காத பொருள்களுக்கென ஒரு பட்டியல் நூலை 1969-இல் வெளியிட்டார். அதில் ஒரு காப்பிக் கெண்டி உண்டு. அதன் மூக்கும் கைப்பிடியும் ஒரே பக்கத்தில் அமைந்திருக்கும்! சாய்த்தால் கொதிக்கும் காப்பி ஊற்றுபவர் மேலேயே பாயும். அமெரிக்க உளவியல் அறிஞர் டொனால்டு நார்மன் இவ்வடிவில் அமைந்த கெண்டி ஒன்றை வாங்கித் தம் வீட்டில் வைத்திருந்தார். 2004-இல் வெளிவந்த தம் நூலொன்றை அதனையும் வேறு இரு கெண்டிகளையும் பற்றிய பேச்சோடுதான் அவர் தொடங்குகிறார். காலையில் அவசரமாகத் தேநீர் வேண்டும்போது அம்மூன்றில் எதையும் எடுப்பதில்லை என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். கரேல்மன் நம்மைச் சிரிக்க வைக்கவே அப்படி வரைந்தார். சிரிக்கும் நோக்கமே இன்றி, ஏறத்தாழ அதே தன்மையில் செய்யப்பட்ட கெண்டிகளைக் கடைகளில் காணும்போதுதான் நமக்கு வியப்பு மேலிடுகிறது.

கெண்டியின் வடிவத்தை அறிவோடு ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் கிறிஸ்டஃபர் டிரெஸ்ஸர். 1834-இல் கிளாஸ்கோவில் பிறந்த இவர் தாவரவியல் கற்றவர். கெண்டியின் மூக்கும் கைப்பிடியும் எவ்விடத்தில், எக்கோணத்தில் அமைந்தால் கைக்குச் சுமை குறையும் என்பதை 1873-ஆம் ஆண்டு நூலில் படம் வரைந்து விளக்கினார். கைப்பிடியை அழகிற்காக ஒட்டிவைப்பது அவருக்கு உடன்பாடன்று. கெண்டியின் எடை எங்கே நிலைகொள்கிறது என்று கண்ட பின்னரே அதற்கு இடம் குறிக்க வேண்டும் என்றார். ஜப்பானுக்குச் சென்று திரும்பிய பின், 1879-இல், ஷெஃபீல்டு நகர நிறுவனமொன்றிற்காக அவர் வரைந்த கெண்டி சாய்சதுர வடிவானது. நடுவே சாளரம் போல் ஒரு துளையும் உண்டு. இன்று செய்ததோ என மயங்க வைக்கும் வடிவம்! ஆனால் அதன் கூரிய மூலைகளில் படியும் கறையைத் தேய்த்துக் கழுவ வேண்டியவரின் பாட்டை எண்ணினால், நூலாசிரியரான டிரெஸ்ஸரையே நாம் அதிகம் போற்ற வேண்டியுள்ளது.

அடுத்து வருபவர் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் 1893-இல் பிறந்த மரியானே பிராண்ட் அம்மையார். வைமார் நகரில் 1919-இல் தொடங்கப்பெற்ற பௌஹௌஸ் கலைப்பள்ளியில் இவர் 1924-இல் சேர்ந்தார். அக்காலத்தில் அப்பள்ளிக்கு வந்த பெண்களுள் பெரும்பாலோரை நெசவுக்கூடத்திற்கே அனுப்புவது வழக்கம். பிராண்ட் அம்மையாரோ உலோகக்கூடத்தில் இடம் பெற்றார். அங்கிருந்த ஆடவர் தொடக்கத்தில் அவரை மனமுவந்து ஏற்கவில்லை. உலோகத் தகட்டை அரைக்கோளக் கிண்ணங்களாக அடித்து வளைக்கும் சலிப்பூட்டும் வேலையே அவருக்கு ஓயாமல் தரப்பட்டது. அந்த அரைக்கோளமே பின்னர் அவருக்குப் புகழ் தேடித் தந்த கெண்டியின் வயிறாக அமைந்தது என்பதை நினைக்க நமக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

அதே 1924-இல் அவர் செய்த அச்சிறு கெண்டியின் உயரம் ஏறக்குறைய 7 செ.மீ. மட்டுமே. குறுக்காக வைத்த இரு பட்டைகள் அதன் கால்கள். மூடி நடுவில் இல்லாமல் கைப்பிடியின் பக்கம் தள்ளி நிற்கிறது. இதனால் சாய்க்கும்போது மூடி வழியே தேநீர் வழிவதில்லை. கருங்காலி மரத்தாலான கைப்பிடி சூட்டிலிருந்து விலகி உயர்ந்து நிற்கிறது. உள்ளே ஒரு வடிகட்டி. இவ்வளவு சிறிய கெண்டி ஒரு குடும்பத்திற்கு எப்படிப் போதும் என வாசகர்கள் கேட்கலாம். இதில் ஊறுவது குடிக்கும் தேநீர் அன்று, திடமான சாறு. அதைக் கோப்பையில் சிறிது ஊற்றி, வெந்நீர் கலந்துகொள்ள வேண்டும். நம் ஊர்த் தேநீர்க் கடைக்காரர் துணிப்பையில் சாற்றை இறக்கி வைத்துக்கொண்டு, ஆள் வரும்போது பாலும் கொதிநீரும் கலந்து தருகிறார் அல்லவா? ஏறத்தாழ அதே முறைதான்.

இக்கெண்டி எந்திரத்தில் பெருமளவில் செய்யப்பட்டு எளியோர் வீடுகளை எட்ட வேண்டும் என்பதே அப்பள்ளியின் கனவு. ஆனால் கையால் அடித்துச் செய்யப்பட்ட சிலவற்றோடு பணி நின்றுவிட்டது. அம்மையார் 1928-இல் உலோகக்கூடத்தின் பொறுப்பையே ஏற்றார், 1983-இல் மறைந்தார். அவரது கெண்டிகளுள் ஒன்று 2007-இல் நியூயார்க்கில் 3,61,000 டாலருக்கு ஏலம் போயிற்று. எளியோர் வீட்டிற்கென எண்ணப்பட்ட பொருள் கண்ணாடிப் பேழைக்குள் அடைபட்டுவிட்டது. அதில் இனி யார் தேநீர் ஊற்றப் போகிறார்?

ஒழுகும் மூக்கைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. விரைந்து ஊற்றினால் நீர் விளிம்பை விட்டுத் தாவிப் பாய்கிறது. மெல்ல ஊற்றினாலோ, விளிம்பை விடாமல் பற்றிக்கொண்டு மூக்கின் அடிப்புறமாக வழிந்து ஓடுகிறது. மார்கஸ் ரெய்னர் என்ற அறிஞர் 1956-இல் இதற்குத் 'தேநீர்க் கெண்டி விளைவு' என்றே பெயரிட்டார். வியன்னாத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல்தான் இதற்கு விரிவான கணித விளக்கம் தந்தனர். விளிம்பு மெல்லியதாகவும் கூர்மையாகவும் இருந்தால் ஒழுகல் குறையும். தடித்து உருண்டிருந்தால் மிகும். மெல்ல ஊற்றுபவர் யார்? கை நடுங்கும் முதியவரும், மூட்டுவலியால் வருந்துபவரும், நோயினின்று எழுந்தவருமே. ஆக, மூக்கைச் செம்மையாகச் செய்யாத கெண்டி வலிமை குன்றியவரையே அதிகம் வருத்துகிறது.

இத்தாலியின் அலெஸ்ஸி நிறுவனத்திற்காக 1985-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் மைக்கேல் கிரேவ்ஸ் வரைந்த கெட்டிலைப் படத்திலேனும் வாசகர் சிலர் பார்த்திருக்கலாம். மூக்கின் நுனியில் ஒரு சிறு சிவப்புப் பறவை. நீர் கொதித்ததும் அது சீழ்க்கையடிக்கும். நீலக் கைப்பிடி, விரைவில் சூடேற அகன்ற அடிப்பாகம். பத்து இலட்சத்திற்கும் மேல் விற்பனையாயிற்று. ஊற்றுமுன் பறவையைக் கழற்ற வேண்டும் என்பது ஒரு தொல்லைதான். ஆயினும் விடியற்காலையில் அடுக்களைக்கு வருபவரைச் சற்றே புன்னகைக்கச் செய்வதும் ஒரு தொண்டுதானே! 1999 முதல் எளிய விலைக் கடைகளுக்காகவும் அவர் வீட்டுப் பொருள்களை வடிவமைத்தார்.

2003-இல் நோய்த்தொற்று ஒன்றினால் கிரேவ்ஸின் கால்கள் இயக்கமிழந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்து முகம் மழிக்க முயன்றபோது மருத்துவமனை அறையின் குழாய்கூட அவர் கைக்கு எட்டவில்லை. அதன்பின் 2015-இல் மறையும்வரை அவர் நோயாளிகளைக் கொண்டு செல்லும் நாற்காலி, படுக்கையருகு மேசை போன்ற மருத்துவமனைப் பொருள்களை வடிவமைப்பதில் பெரிதும் ஈடுபட்டார். பறவைக் கெட்டிலுக்குக் கிடைத்த புகழ் இவற்றுக்குக் கிட்டவில்லை. நம் மதிப்பில் இவையே மேலானவை.

இங்கிலாந்தின் ஸ்டோக் வட்டாரச் செம்மண்ணால் ஆன 'பிரவுன் பெட்டி' என்னும் பழுப்புக் கெண்டியோ எவரும் பெருமையாகப் பேசாத பொருள். அதன் உருண்டை வயிற்றில் இலை தாராளமாக விரிகிறது; கரும்பழுப்பு மெருகில் கறை தெரிவதில்லை. இயன் மெக்கின்டயர் என்ற இளம் கலைஞர் 2018-இல் இதனைச் செப்பம் செய்தபோது, விந்தையான உருவம் எதையும் புனையவில்லை. 1920-களில் ஒரு நிறுவனம் கண்டறிந்து பின்னர் கைவிடப்பட்ட பூட்டும் மூடியையும் ஒழுகாத மூக்கையும் மீட்டுத் தந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் வழி செய்தார்.

வாங்கச் செல்வோர் இதனை மனத்திற்கொள்க: 1 லிட்டர் நீரின் எடையே 1 கிலோ, பீங்கானின் எடை வேறு. வெறுங்கெண்டியைத் தூக்கிப் பார்த்து முடிவு செய்யற்க. கைப்பிடிக்குள் விரல்கள் நுழைந்த பின்னும், கணு கெண்டியின் உடலைத் தொடாத அளவு இடைவெளி வேண்டும். மூடியை விரலால் பிடிக்காமல் கெண்டியைச் சாய்த்துப் பாருங்கள். கடைக்காரர் இசைந்தால் நீர் நிரப்பி, மிக மெதுவாக ஊற்றிப் பாருங்கள். வீட்டில் நாள்தோறும் தேநீர் ஊற்றுபவர் பாட்டியார் எனில், அவரையும் உடன் அழைத்துச் சென்று அவர் கையில் கொடுத்துப் பார்ப்பது நலம்.