கோட்டுக்கு வெளியே ஒரு தேர்வுக் குழு



நம் கரிசல் பூமியில் மழைக்கு அடுத்தபடியாக மக்கள் மிகுதியாகப் பேசும் பொருள் யாது என்று எவரேனும் வினவினால், ஹாக்கி என்று தயங்காமல் விடையளிப்போம். கோவில்பட்டியும் அதனைச் சுற்றியுள்ள சிற்றூர்களும் பல தலைமுறைகளாக இவ்விளையாட்டைத் தம் சொத்தாகவே கருதி வந்துள்ளன. அங்கு நடைபெறும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்கு வெளி மாநில அணிகள் வரும்போது, விளாத்திகுளத்திலிருந்தும் பேருந்தேறிச் சென்று ஆட்டம் கண்டு, இரவு வீடு திரும்புவோர் உண்டு.

அத்தகைய நாள்களில் மைதானத்து ஓரத்தில் இன்னொரு தேர்வுக் குழு கூடுவதை நாம் காணலாம். அதற்குத் தலைவர் இல்லை; செயலாளரும் இல்லை; உறுப்பினர் எண்ணிக்கைக்கும் வரம்பில்லை. “அண்ணாச்சி, அவன் சென்டர் பார்வர்டு ஆடுற பையன். அவனைக் கொண்டுபோய் ஹாப்ல நிறுத்தினா எப்படி?” என்று ஒருவர் தொடங்குவார். “லெப்ட் அவுட்டுக்கு வேற ஆளே கிடைக்கலையா?” என்று மற்றொருவர் தொடர்வார். ஆட்டம் முடிந்த பின்னரும், தேநீர்க் கடையில் கடலை மிட்டாயைக் கடித்தபடியே, விவாதம் தொடரும்.

இது நம் ஊர்க் குணம் மட்டுமன்று. ஆஸ்திரேலிய நாட்டின் மெல்போர்ன் நகரில், அந்நாட்டுக்கே உரிய கால்பந்தாட்டம் ஒன்று உண்டு. அணிக்கு 18 பேர் களத்தில் நின்று ஆடுவர். வாரந்தோறும் அணிப் பட்டியல் வெளியானதும், யாரை விட்டார்கள், யாரை எங்கே நிறுத்தினார்கள் என்று அந்நகர மக்களும் இவ்வாறே வழக்காடுகிறார்கள். விளையாட்டை நேசிக்கும் மக்கள் எங்கிருந்தாலும் இப்படித்தான் பேசுவார்கள்.

இப்பேச்சு வீண் பேச்சு என்று நாம் கூறமாட்டோம். பெரியவர்கள் வழக்காடும்போது அருகில் நின்று கேட்கும் சிறுவன், எந்தப் புத்தகமும் கற்பிக்காத நுட்பங்களைக் கற்றுக்கொள்கிறான். ஆனால் இதே பேச்சு சில வேளைகளில் ஓர் இளைஞனின் மனத்தை முறித்தும் விடுகிறது. ஆகவே, எப்படி விவாதிப்பது என்பதைக் குறித்து இம்மாதம் சற்றே சிந்திப்போம்.

முதலாவது, பெயரைக் கேட்பதற்கு முன்னர் இடத்தைக் கேட்க வேண்டும். மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்துப் பழகிய நம் மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இடத்து மாட்டை வலத்திலும் வலத்து மாட்டை இடத்திலும் பூட்டினால், இரண்டும் நல்ல மாடுகளாகவே இருந்தாலும் வண்டி நேராக ஓடாது. ஹாக்கியிலும் அவ்வாறே. ஹாக்கி மட்டையின் தட்டையான ஒரு பக்கத்தினால் மட்டுமே பந்தை ஆடலாம். இடக்கையர்க்கென்று தனி மட்டை அனுமதிக்கப்படுவதில்லை. இதனால் தடுப்பாளனின் இடப்புறம் இயல்பாகவே வலுக் குறைந்தது. முன்னேறி வருபவன் அப்புறத்தையே குறி வைப்பான். வலப்பக்கம் மின்னலென ஓடும் ஒருவனை இடப்பக்கம் நிறுத்தினால், அதே கால்களும் அதே கைகளும் இருந்தும் அவன் வேறு ஆளாகிவிடுகிறான்.

2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்கு நம் நாடு அனுப்பிய 16 பேர் பட்டியலை எடுத்துக்கொள்வோம். கோல்கீப்பர் ஒருவர், பின்கள வீரர் ஐவர், நடுக்கள வீரர் ஐவர், முன்கள வீரர் ஐவர். முன்களத்துக்கான ஐந்து இடங்களும் நிரம்பிய பின்னர், ஆறாவதாக நிற்கும் முன்கள வீரன் எவ்வளவு திறமை படைத்தவனாயினும் அவனுக்கு இடமில்லை. அவன் பின்கள வீரன் ஒருவனைவிடச் சிறந்த ஆட்டக்காரனாகக்கூட இருக்கலாம். ஆயினும் காலியாக இருந்த இடம் அவனுடையது அன்று. “அவனைவிட இவன் மட்டமா?” என்னும் கேள்வி, இங்கே பிழையான கேள்வியாகிவிடுகிறது.

நமக்கு நெருங்கிய ஒரு செய்தியையே பார்ப்போம். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டிக்கான இந்திய அணியில், கோவில்பட்டி அரசு விளையாட்டு விடுதியில் பயின்ற மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் ஆகிய இருவரும் இடம்பெற்றனர். இருவரும் முன்கள வீரர்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். அணி வெண்கலப் பதக்கத்துடன் திரும்பியது. 2023 ஆகஸ்டில் சென்னையில் நடைபெற்ற ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பையிலும் கார்த்தி ஆடினார். மலேசியாவுக்கு எதிரான லீக் ஆட்டத்தில் கோல் அடித்தார். இறுதியாட்டத்தில் இந்தியா அதே மலேசியாவை 4–3 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது. ஆனால், அடுத்த மாதம் ஹாங்சோவில் தொடங்கிய ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான 18 பேர் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

கோப்பை வென்ற அணியில் கோல் அடித்தவரை ஏன் விட்டார்கள் என்று கேட்பது நியாயமே. அந்த அணி ஹாங்சோவில் தங்கம் வென்று பாரிசுக்கும் தகுதி பெற்றது. ஆனால் அவ்வெற்றி, கார்த்தியை விட்டது சரி என்பதற்குச் சான்றாகாது. அவர் இருந்திருந்தாலும் வென்றிருக்கக்கூடும். அவ்வாறே, அவர் பெயர் விடுபட்டது சதிக்குச் சான்றும் ஆகாது. முன்களத்தில் அனுபவம் மிக்க பலர் போட்டியிட்ட காலம் அது. வெற்றி தோல்வியை மட்டும் வைத்துத் தேர்வை அளப்பது, மழை பெய்தபின் விதைப்பு நாளைக் குறை கூறுவது போன்றதாகும்.

இரண்டாவது, ஆட்டம் மாறிவிட்டது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். முன்னே ஐவர், அவர்களுக்குப் பின்னே ஹாப் மூவர், புல்பேக் இருவர், கோல்கீப்பர் ஒருவர் என்பதே நம் பெரியவர்கள் கண்ட அணிவகுப்பு. 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. அவ்வாண்டு இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியது. 1990களில் ஆப்சைடு விதி நீக்கப்பட்டது. வெளியே சென்ற வீரன் மீண்டும் மீண்டும் உள்ளே வரலாம் என்ற விதியும் அக்காலத்திலேயே வந்தது. 35 நிமிடங்களாக இருந்த இரண்டு பாதிகள், இப்போது 15 நிமிடங்களாக நான்கு பகுதிகளாயின. முன்கள வீரன் சில நிமிடங்கள் முழு வேகத்தில் ஓடிவிட்டு வெளியே வந்து அமர்கிறான். மூச்சு வாங்கிக்கொண்டு மீண்டும் இறங்குகிறான். எனவே, “பையனை உட்கார வைத்துவிட்டார்களே!” என்று இக்காலத்தில் வருந்துவதற்குப் பெரும்பாலும் காரணமில்லை. லெப்ட் இன் பற்றித் தாத்தா பேசுவதும், நடுக்களம் பற்றிப் பேரன் பேசுவதும் ஒன்றையொன்று தொடாமல் போவது இதனாலேயே. இருவரும் எந்தக் காலத்து ஆட்டத்தைப் பேசுகிறோம் என்று முதலில் தெளிந்துகொண்டால், பாதிச் சண்டை அடங்கிவிடும்.

மூன்றாவது, ஒருவன் வெளியே அழைக்கப்படுவது அவனுக்கு இழுக்கு அன்று. 1975ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில், மலேசியாவிடம் இந்தியா 1–2 எனப் பின்தங்கி நின்றது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, மைக்கேல் கிண்டோ என்னும் புல்பேக்கை வெளியே அழைத்து, அதுவரை அமர்ந்திருந்த அஸ்லம் ஷேர்கானை உள்ளே அனுப்பினார்கள். பெனால்டி கார்னரில் அவர் அடித்த பந்து வலைக்குள் புகுந்தது. கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்த கோலினால் இந்தியா வென்றது. பின்னர் இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை 2–1 எனத் தோற்கடித்தது. ஆடவர் ஹாக்கியில் இந்தியா உலகக் கோப்பை வென்றது அந்த ஒரு முறைதான். கிண்டோ, சிம்டேகா பகுதியின் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியிலும் ஆடியவர். அந்தச் சில நிமிடங்கள் வெளியே அமர்ந்ததனால் அவர் பெருமை குறைந்ததென்று எவரும் கூறவில்லை. அவரும் உலகக் கோப்பை வீரரே.

இடம் மாறி ஆடுவதிலும் பெருமை உண்டு. பாரிஸ் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக அமித் ரோகிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, இந்தியா நாற்பது நிமிடங்களுக்கும் மேலாகப் பத்துப் பேருடன் ஆட நேர்ந்தது. முன்னாள் அணித் தலைவரும் நடுக்கள வீரருமான மன்பிரீத் சிங் பின்களத்திற்கு இறங்கினார். ஆட்டம் 1–1 எனச் சமனாகி, ஷூட்அவுட்டில் இந்தியா 4–2 என வென்றது. “என் இடம் இதுவல்ல” என்று அவர் முகம் சுளித்திருந்தால் என்னவாகியிருக்கும்? அணிக்கு வெண்கலம் கிடைத்ததில் அந்த இடமாற்றத்துக்கும் பங்குண்டு.

அப்படியாயின், தேர்வாளர்கள் செய்வதெல்லாம் சரி என்று வாய்மூடி இருக்க வேண்டுமா? இல்லை. 1998 டிசம்பரில் பாங்காக்கில், 32 ஆண்டுகளுக்குப் பின்னர் இந்தியா ஆசிய விளையாட்டில் ஹாக்கித் தங்கம் வென்றது. அந்த அணியின் தலைவர், புனே அருகே கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை. வெற்றியின் ஈரம் உலருமுன்னரே அவரும் வேறு சில வீரர்களும் அணியிலிருந்து விலக்கப்பட்டார்கள். பயிற்சியாளர் கௌசிக்கும் நீக்கப்பட்டார். நாடெங்கும் எழுந்த கண்டனம் நியாயமானது. மனநிறைவு தரும் காரணம் கூறப்படாத தேர்வு, சரியான தேர்வாகவே இருந்தாலும் ஐயத்துக்கு இடமளிக்கும். மாவட்ட அணியாயினும் நாட்டின் அணியாயினும், தேர்வாளர்கள் காரணத்தை வெளிப்படையாகக் கூறக் கடமைப்பட்டவர்கள். அதைக் கேட்க ரசிகர்களுக்கு உரிமை உண்டு.

ஆனால் காரணம் கேட்பது வேறு. உள்நோக்கம் கற்பிப்பது வேறு. “இந்த இடத்திற்கு இவனை எதனால் எடுத்தீர்கள்?” என்பது கேள்வி. “அவன் இன்ன சாதி, இன்னார் சிபாரிசு, அதனால்தான்” என்பது, சான்று இல்லாதவரை வெறும் அவதூறு. இவ்வார்த்தை தேர்வாளரைவிடத் தேர்வு பெற்ற பையனையே முதலில் காயப்படுத்துகிறது. விடியற்காலையில் எழுந்து, வெயிலிலும் பனியிலும் அவன் ஓடிய ஓட்டம் அத்தனையும் அந்த ஒரு சொல்லில் அழிந்துபோகிறது.

இங்கே இன்னொன்றையும் மறத்தலாகாது. நம் பகுதியில் ஹாக்கி வெறும் பொழுதுபோக்கு அன்று. வானம் பார்த்த பூமியை நம்பியும், தீப்பெட்டி ஆலையின் நாள் கூலியை நம்பியும் வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அது சோற்றுக்கு வழி. இரயில்வே, இராணுவம், காவல்துறை, வங்கிகள் ஆகியவை விளையாட்டு வீரர்களுக்கு வேலை தந்து வந்துள்ளன. தமிழ்நாடு அரசுப் பணிகளிலும் அவர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. எந்த அணியில் ஆடினான் என்னும் சான்றிதழே அதற்குத் திறவுகோல். ஆகவே, பட்டியலில் ஒரு பெயர் சேர்வதும் விடுபடுவதும் ஒரு வீட்டின் அடுப்பைத் தொடும் செய்தியாகும். மைதானத்து ஓரத்தில் நாம் எளிதாக வீசும் “அவனைத் தூக்கு!” என்ற சொல்லை, அவனுடைய தாய் அடுத்த வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பட்டியலில் பெயர் இல்லாமல் பிள்ளை வீடு திரும்பும் மாலையில், “உன்னை ஏமாற்றிவிட்டார்கள்” என்று கூறி அவன் நெஞ்சில் கசப்பை ஊற்றாதீர்கள். “நீ உதவாதவன்” என்று கூறி அவனை ஒடுக்கவும் செய்யாதீர்கள். முதலில் அவனை உண்ணச் செய்யுங்கள். மறுநாள் பயிற்சியாளரிடம் சென்று, எந்த இடத்திற்கு யாரைத் தேடினார்கள், தன்னிடம் என்ன குறை கண்டார்கள் என்று அவனையே பணிவோடு கேட்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தை நம்பியிராமல் இரண்டாவது இடம் ஒன்றையும் பழகிக்கொள்ள ஊக்குவியுங்கள். படிப்பையும் கைவிடாதிருக்கச் செய்யுங்கள். பெயர் வந்த பிள்ளையின் வீட்டாரோ, பெயர் வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே ஒரு நடை போய் வருவது நலம்.

விவாதம் தொடரட்டும், வாசகர்களே. அது இல்லாத ஊரில் ஆட்டமும் விரைவில் அற்றுப்போகும். ஆனால் அடுத்த முறை கோட்டுக்கு வெளியே நம் தேர்வுக் குழு கூடும்போது, முதலில் இடத்தைக் கேட்போம்; அடுத்து ஆட்டத்தைப் பார்ப்போம்; அதன் பின்னரே பெயரைச் சொல்வோம். சொல்லும்போதும், அப்பெயருக்கு உரியவன் நம் அருகில் நிற்கிறான் என்று எண்ணிக்கொண்டே சொல்வோம்.