ஏரியின் எல்லை எங்கே?

கஜகஸ்தானத்தின் தலைநகரான அஸ்தானாவுக்குத் தென்மேற்கே, மரங்களற்ற ஸ்டெப்பிப் புல்வெளியின் நடுவே தெங்கிஸ் என்னும் உவர்நீர் ஏரி அமைந்துள்ளது. அந்நாட்டு மொழியில் இச்சொல்லுக்குக் கடல் என்பது பொருள். நீர் நிறைந்த காலத்தில் இதன் பரப்பு ஏறத்தாழ 1,590 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழமோ சுமார் 2.5 மீட்டரேயாகும். இதிலிருந்து வெளியே செல்லும் ஆறு கிடையாது. வந்து சேரும் நீர் கோடையில் ஆவியாகிறது. உப்பு எஞ்சி நிற்கிறது.

குடிநீருக்கும் பாசனத்திற்கும் உதவாத ஏரி வீண் என்று கருதுவோர் எந்நாட்டிலும் உளர். ஆயின், ஆழமின்மையும் உவர்ப்புமே தெங்கிஸின் செல்வங்கள். ஆழமற்ற நீரில் பாசி செழிக்கிறது. அதனை உண்டு, மீன்கள் வாழவியலாத உவர்நீரில் சிற்றிறால்கள் பெருகுகின்றன. அவற்றை நாடிப் பூநாரைகள் வருகின்றன. உலகில் பூநாரைகள் கூடு கட்டும் வடகோடி இடங்களுள் இதுவும் ஒன்று. அருகிலுள்ள கொர்கால்ஜின் நன்னீர் ஏரிகளின் நாணற் காடுகளில் கூழைக்கடாக்கள் குஞ்சு பொரிக்கின்றன. சுற்றியுள்ள புல்வெளி சைகா மான்களின் உறைவிடமாகும்.

இவற்றின் சிறப்பை உணர்ந்து 1968-இல் கொர்கால்ஜின் இயற்கைக் காப்பகம் நிறுவப்பட்டது. 2008-இல் யுனெஸ்கோ இப்பிரதேசத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இவை பாராட்டத்தக்க செயல்களே. எனினும், ஏரியைச் சுற்றி எல்லை வரைந்தவுடன் பாதுகாப்பு முற்றுப்பெற்றதென எண்ணுவது பொருந்தாது.

தெங்கிஸுக்கு நீர் தருவது முக்கியமாக நூரா ஆறு. 900 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் இவ்வாற்றின் நீரில் பெரும்பகுதி, வசந்த காலத்தில் பனி உருகுவதால் வருவதாகும். ஆழமற்ற ஏரியில் நீர்மட்டம் சிறிதளவு தாழ்ந்தாலும் கரை வெகுதூரம் பின்வாங்கும். கூடுகள் அமைந்த தீவுகள் நிலத்தோடு இணையும். நரியும் ஓநாயும் எளிதில் நடந்து சென்றுவிடும். நீர் மிகுந்தாலோ அத்தீவுகள் மூழ்கும். ஆதலால், மேற்பகுதி அணைகளில் மதகு திறக்கப்படும் அளவும் காலமும் பறவைகளின் வாழ்வைப் பாதிக்க வல்லவை.

நீரின் தூய்மையும் அவ்வாறே. நூரா ஆற்றங்கரையிலுள்ள தெமிர்த்தாவு நகரின் இரசாயனத் தொழிற்சாலையொன்றிலிருந்து பல ஆண்டுகள் பாதரசம் ஆற்றில் கலந்தது. அதில் பெரும்பகுதி மேற்பகுதி வண்டலிலேயே தங்கிவிட்டது. பின்னர் உலக வங்கியின் கடனுதவியுடன் துப்புரவுப் பணி நடந்தது. ஏரி பெரிதும் தப்பியதற்குக் காரணம் தொலைவேயன்றிக் காப்பகத்தின் வேலியன்று.

நகரங்களுக்கும் ஆலைகளுக்கும் நீர் வேண்டாவோ என்று வினவலாம். வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆற்றுநீரைப் பங்கிடும்போது ஏரியையும் ஓர் உரிமையாளராகக் கணக்கிட வேண்டும். எஞ்சியதே ஏரிக்கு என்னும் முறை கூடாது.

இஃது இந்தியாவுக்குத் தொடர்பற்ற செய்தியன்று. அப்புல்வெளியில் இனம் பெருக்கும், அழியும் நிலையிலுள்ள ஓர் ஆள்காட்டி இனத்தின் ஒரு பகுதி, குளிர்காலத்தில் குஜராத், ராஜஸ்தான் வெளிகளை வந்தடைகிறது. வலசை உயிரினங்களுக்கான சர்வதேச மாநாடு 2020-இல் காந்திநகரில் கூடியபோது, மத்திய ஆசியப் பறவைப் பாதையைக் காக்கும் பொறுப்பில் இந்தியாவும் முன்னின்றது.

எனவே, இங்கே பறவைகளைக் கணக்கெடுக்கும் களப்பணியாளர் எண்ணிக்கையோடு நீர்மட்டத்தையும், நீர் வரும் கால்வாயின் நிலையையும் குறித்தல் நலம். ஏரியைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர், படத்தை ஏரிக்கரையிலன்று, ஆற்றின் தலைப்பிலிருந்து வரையத் தொடங்குவாராக. ஏரியின் மெய்யான எல்லை அங்கேதான் உள்ளது.