அங்கிக்கு ஒரு சட்டம், லுங்கிக்கு ஒரு சட்டமா?

கும்மிடிப்பூண்டியை அடுத்த ஆரம்பாக்கத்தில் 2025-ம் ஆண்டு ஜூலை மாதம், பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு சிறுமிக்குப் பெருங்கொடுமை நடந்தது. சேதி பரவியதும் ஊர் கொதித்தது. போலீஸ் நிலையத்தின் முன்னால் ஜனங்கள் திரண்டார்கள். "இன்னுமா ஆளைப் பிடிக்கலை?" என்று கேட்டார்கள். தனிப்படைகள் தேடின. கேமராவில் பதிந்த படம் ஊர் ஊராகக் காட்டப்பட்டது. சுமார் இரண்டு வாரத் தேடலுக்குப் பிறகு ஒருவனைப் போலீசார் கைது செய்தார்கள்.

ஊர் கொதித்தது நியாயம். கொதிக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

ஆனால் ஒரு கேள்வி உண்டு. தேடப்பட்டவன் முன்பின் தெரியாதவன். ஊர் பேர் தெரியாதவன். அதனால் எல்லாருக்கும் வாய் இருந்தது. இதே கொடுமையைச் செய்தவர் தெரிந்தவராக இருந்தால்? கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் முன்னால் நின்று ஜெபம் சொன்னவராக இருந்தால்? அந்தப் பிள்ளைக்கே ஞானஸ்நானம் கொடுத்தவராக இருந்தால்?

"வெளியே சொல்லாதே. கோயில் பேரு கெட்டுடும்!"

முதலில் வரும் வார்த்தை அதுதான். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் குற்றவாளி தைரியமாக நடமாடுகிறான்.

ஊட்டிக்குத் திரும்பியவர்

எங்கோ ரோமாபுரியில், அமெரிக்காவில் நடக்கிற விவகாரம் இது என்று யாரும் நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டிலேயே கதை இருக்கிறது.

ஜோசப் பழனிவேல் ஜெயபால் என்பவர் ஊட்டி மறைமாவட்டத்துப் பாதிரியார். 2004-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துக்கு ஊழியம் செய்யப் போனார். அங்கே பருவ வயதுப் பெண்கள் இருவரிடம் முறைகேடாக நடந்தார் என்று புகார் எழுந்தது. 2005-ல் அவர் இந்தியா திரும்பிவிட்டார். மின்னசோட்டா பிஷப் ரோமாபுரிக்குக் கடிதம் எழுதினார். 2006-ல் பதில் வந்தது. இவரைக் கண்காணிக்கும்படி ஊட்டி பிஷப்பிடம் கேட்டுக்கொண்டிருப்பதாக அதில் இருந்தது. எதற்காகக் கண்காணிப்பு? பிள்ளைகளுக்கு ஆபத்து வராமல் இருக்க. கூடவே, அபவாதம் எழாமல் இருக்க!

மின்னசோட்டாவில் போலீஸ் வழக்குப் பதிவானது. இங்கே என்ன நடந்தது? 2010-ல் விஷயம் உலகப் பத்திரிகைகளில் வெடித்தபோது, அந்தப் பாதிரியார் ஊட்டி மறைமாவட்டப் பள்ளிக்கூடங்களின் அலுவலகக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2012-ல் ஈரோட்டில் அவர் கைதானார். 2014-ல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். 2015-ல், இரண்டு பெண்களில் ஒருவர் தொடர்பான குற்றத்தைக் கோர்ட்டில் அவரே ஒப்புக்கொண்டார். ஒரு வருஷம் ஒரு நாள் தண்டனை. ஏற்கெனவே காவலில் இருந்த காலம் அதில் கழிந்துவிட, ஊர் திரும்பினார். 2016 தொடக்கத்தில், ரோமாபுரியைக் கலந்துகொண்டு, அவர் மேல் இருந்த தடையை ஊட்டி பிஷப் நீக்கிவிட்டார்.

யாரோ சாட்டிய வெறும் புகார் அல்ல இது. தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட குற்றம். கல்லாவில் கை வைத்த குமாஸ்தாவை, "சரி, தண்டனை அனுபவித்துவிட்டான்" என்று மறுபடி அதே கல்லாவில் எந்த முதலாளியாவது உட்கார வைப்பாரா? பணத்துக்கு இருக்கிற காவல் பிள்ளைகளுக்கு இல்லையா?

கண்ணூரில் நடந்தது

பக்கத்துக் கேரளத்தில், கண்ணூர் மாவட்டம் கொட்டியூரில் ராபின் வடக்கும்சேரி என்ற பாதிரியார் 2017-ல் கைதானார். பங்கைச் சேர்ந்த ஒரு சிறுமி தாயாகிவிட்ட வழக்கு அது. முதலில் பழியை வேறு ஒருவர் மேல் போடப் பார்த்தார்கள். பிறந்த சிசு வேறு மாவட்டத்துக் காப்பகத்துக்குக் கொண்டு போகப்பட்டது. மறைத்ததாகக் கன்னியாஸ்திரீகள், டாக்டர்கள் மேலும் வழக்குப் போட்டார்கள். சாட்சிகள் பல்டி அடித்தார்கள். கடைசியில் சாட்சி சொன்னது மனிதர்கள் அல்ல, மரபணுச் சோதனை! 2019 பிப்ரவரியில் தலைச்சேரி போக்சோ கோர்ட்டு பாதிரியாருக்கு 20 ஆண்டு சிறை விதித்தது. மற்றவர்கள் விடுதலையானார்கள். பிறகு 2021-ல் கேரள ஐகோர்ட்டு தண்டனையை 10 ஆண்டாகக் குறைத்தது. பாதிரியார் பட்டத்தை ரோமாபுரி பறித்தது.

விஞ்ஞானம் மட்டும் இல்லாவிட்டால் அந்த வழக்கு என்னவாகியிருக்கும்? யோசித்தால் குலை நடுங்குகிறது.

கல்யாணம் பண்ணி வைத்தால் தீருமா?

"இவங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாப் போயிடும்" என்று டீக்கடை பெஞ்சில் தீர்ப்பு சொல்வார்கள். இதில் பாதிதான் உண்மை.

கல்யாணத்துக்குத் தடையே இல்லாத சபைப் போதகர் ஒருவர் 2025 ஏப்ரலில் போக்சோ வழக்கில் கைதானார். கோவை வழக்கு அது. போக்சோ வழக்குகளில் சிக்குகிறவர்களில் பெரும்பாலோர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள்தான் என்று மத்திய அரசின் குற்றப் பதிவேடு வருஷா வருஷம் சொல்கிறது. உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வாத்தியார். இவர்களில் பெண்டாட்டி பிள்ளை உள்ளவர்கள் எத்தனை பேர்! கல்யாணம் ஆகாத அத்தனை பேரும் கயவர்களும் அல்ல. மனசறிந்து துறவறம் காத்து, ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த சாமியார்கள் எத்தனையோ பேர்.

பின்னே பாதி உண்மை எங்கே இருக்கிறது? மூடி மறைப்பதில் இருக்கிறது.

பிரமச்சரியம் ஏசுநாதர் போட்ட கட்டளை அல்ல. முதல் சீடர் பேதுருவுக்கே மாமியார் இருந்ததாக நற்செய்தி சொல்கிறது. குருமார் கல்யாணம் செல்லாது என்று ரோமாபுரி கண்டிப்பாக அறிவித்தது 1139-ல் கூடிய லாத்தரன் சங்கத்தில். இன்றைக்கும் போப்பாண்டவருக்குக் கீழ்ப்பட்ட கீழைத் திருச்சபைகள் சிலவற்றில், உக்ரைன், லெபனான் போன்ற நாடுகளில், மனைவி மக்களோடு குருமார் இருக்கிறார்கள். அமேசான் காட்டுப் பகுதிக்குக் குருமார் பஞ்சம் என்று, கல்யாணமானவர்களுக்கும் பட்டம் கொடுக்கலாம் என 2019-ல் பிஷப்புகளே கேட்டார்கள். 2020-ல் வந்த போப்பாண்டவர் மடல் அதற்குச் சம்மதம் சொல்லவில்லை.

ஆகவே இது மனிதர் போட்ட விதி. விருப்பப்பட்டு ஏற்றால் தவம். எல்லார் தலையிலும் கட்டினால் என்ன ஆகும்? விதியை மீறியவர் மீறியதை மறைப்பார். ஒரு சாமியார் ஊருக்குத் தெரியாமல் ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது குற்றம் அல்ல, வாக்குத் தவறியதுதான். ஆனால் பக்கத்துப் பங்கில் இன்னொருவர் ஒரு பிள்ளையைச் சீரழித்தால், இவர் வாய் திறப்பாரா? "என் கதை உனக்குத் தெரியும், உன் கதை எனக்குத் தெரியும்" என்று ஒருவர் வாயை ஒருவர் பூட்டிக்கொள்வார்கள். பல ஆண்டு துறவியாக இருந்து வெளியே வந்த அமெரிக்க மனநல அறிஞர் ரிச்சர்டு சைப் வாழ்நாள் எல்லாம் சொல்லி வந்தது இதைத்தான்.

ஆஸ்திரேலிய அரசு அமைத்த ராயல் கமிஷன் ஐந்து ஆண்டு விசாரித்து 2017-ல் அறிக்கை கொடுத்தது. பிரமச்சரியம் நேரடிக் காரணம் அல்ல, மற்றக் காரணங்களோடு சேர்ந்து கொடுமைக்கு வழி விட்டிருக்கிறது என்றது. அதை விருப்பத்துக்கு விட்டுவிடலாமா என்று யோசிக்கும்படியும் சிபாரிசு செய்தது.

இன்னொன்றும் உண்டு. சாமியாருக்குச் சோறு, கூரை, பதவி, மாற்றல் எல்லாம் பிஷப் கையில். பிஷப் முதலாளியும் அவரே, தகப்பனும் அவரே, நீதிபதியும் அவரே. தகப்பன் பிள்ளையைக் காட்டிக் கொடுப்பானா? பங்கு மாற்றல்தான் கொடுப்பான். பழைய ஊரில் மூட்டை கட்டியவர் புது ஊரில் புது மாலையோடு இறங்குவார். புது ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?

அமெரிக்காவில் 1950 முதல் 2002 வரை புகாருக்கு ஆளான பாதிரிமார் 4,392 பேர் என்று, திருச்சபையே ஏற்பாடு செய்த ஆய்வு 2004-ல் கணக்குச் சொன்னது. புகார் சொன்னவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். பிரான்சில் எழுபது ஆண்டுகளில் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் இரண்டு லட்சத்துக்கும் மேல் இருக்கும் என்று 2021-ல் மதிப்பிட்டார்கள். அங்கே மட்டும் கெட்டவர்கள் அதிகம் என்று அர்த்தமா? இல்லை. அங்கே பீரோவைத் திறந்து காகிதத்தை எண்ணினார்கள்.

சட்டம் பிஷப்பையும் கேட்கும்

2012 நவம்பர் 14 முதல் அமலில் இருக்கிறது போக்சோ சட்டம். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை எவருக்கும் அது காவல். ஒரு பிள்ளைக்கு இப்படி நடந்தது என்று தெரிந்தால், எந்த நபரானாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 19-வது பிரிவு. பாதிரியாருக்கு விலக்கு, பிஷப்புக்கு விலக்கு என்று அதில் ஒரு வரி கிடையாது.

சொல்லாமல் மறைத்தால்? 21-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில், அபராதமும் உண்டு. மத நிறுவனத்தில் இருப்பவர் அங்குள்ள பிள்ளையிடம் இந்தக் குற்றம் செய்தால், அதைச் சாதாரணக் குற்றமாக அல்ல, கொடிய குற்றமாக வைத்துத் தண்டிக்கிறது சட்டம்.

மராட்டியத்தில் ஒரு பள்ளி விடுதிப் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமையைத் தெரிந்தும் சொல்லவில்லை என்று ஒரு டாக்டர் மேல் வழக்கு. ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது. 2022 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அந்த வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது பெரிய குற்றம், குற்றவாளியைக் காப்பாற்றுகிற காரியம் என்றது.

"அப்போ கிறிஸ்தவங்களை மட்டும் குறி வைக்கிறீங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. விராலிமலைப் பக்கம் ஆசிரமம் நடத்திய பிரேமானந்தா சாமியாரை மறந்துவிடக் கூடாது. ஆசிரமத்துப் பெண்களைக் கெடுத்ததற்கும், ஒரு கொலைக்கும் 1997-ல் புதுக்கோட்டைக் கோர்ட்டு அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை போட்டது. கைதியாகவே 2011-ல் செத்தார். காவியானாலும் சரி, வெள்ளை அங்கியானாலும் சரி, லுங்கியானாலும் சரி, சட்டம் ஒன்றுதான்.

கும்மிடிப்பூண்டிக்கு ஏன் இந்தப் பேச்சு?

சிப்காட் தொழிற்பேட்டையில் கணவன் ஒரு ஷிப்டு, மனைவி ஒரு ஷிப்டு. பிழைக்க வந்த குடும்பத்துக்கு அக்கம்பக்கத்தில் அத்தை கிடையாது, பாட்டி கிடையாது. பிள்ளையை எங்கே விடுவார்கள்? டியூஷனுக்கு, விடுதிக்கு, ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்புக்கு. கவரைப்பேட்டையிலும் பொன்னேரியிலும் திருவள்ளூரிலும் இதே நிலைமைதான். கோயிலும் சபையும்தான் பல பேருக்குச் சொந்தபந்தம். பழவேற்காட்டு மாதா கோயில் தொடங்கி, இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அந்த நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக வந்தது.

அந்த நம்பிக்கை வீணாகக் கூடாது என்றால், அதற்குக் காவல் வேண்டும்.

பெற்றவர்கள் செய்ய வேண்டியது கஷ்டமான காரியம் அல்ல. பிள்ளை ஒரு இடத்துக்குப் போக மாட்டேன் என்று அழுதால் அடிக்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள். பிள்ளை ஒன்று சொன்னால் நம்புங்கள். "சாமியாரைப் பத்தி இப்படிப் பேசினா நாக்கு அழுகிடும்" என்று வாயில் போடாதீர்கள். கோயில் கமிட்டிக்கு ஓடிப் பஞ்சாயத்து வைக்காதீர்கள். 1098-க்குப் போன் போடுங்கள். இரவும் பகலும் எடுப்பார்கள். மகளிர் போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்குகிறவர் போலீஸ் உடுப்பில் வரக் கூடாது, ராத்திரியில் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது, பிள்ளையின் பெயரை வெளியிடக் கூடாது என்பதெல்லாம் சட்டம். நல்ல எண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்கு வராது என்பதும் அதே சட்டம். வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுக்கும் பெரியவர்களுக்கும் தண்டனை வைத்திருக்கிறது. ஆகவே நல்ல சாமியார் பயப்பட ஒன்றும் இல்லை.

பங்குப் பேரவைக்காரர்களும் சபைப் பெரியவர்களும் ஒன்று செய்யலாம். பிள்ளைகள் வரும் ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும் 1098 என்று பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். புதுச் சாமியார், புதுப் போதகர் வரும்போது, "முந்தின ஊரிலிருந்து ஏன் மாற்றினார்கள்?" என்று வாய் விட்டுக் கேட்கலாம். வாடகைக்கு வருகிறவனையே எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று விசாரிக்கிற ஊர்தானே இது!

பாதிரிமார் கல்யாணம் பண்ணலாமா கூடாதா என்பது ரோமாபுரியின் கையில் இருக்கிறது. அங்கே நூற்றாண்டுக் கணக்கில் பேசட்டும். மூடி மறைக்கலாமா கூடாதா என்பது கும்மிடிப்பூண்டியின் கையில் இருக்கிறது. அதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பாவம் வேறு, குற்றம் வேறு. பாவத்துக்கு மன்னிப்பைக் கடவுள் கொடுப்பார். குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆரைப் போலீஸ்தான் போட வேண்டும்!