பேஸ்மென்டில் வைக்கவேண்டிய பிளாஸ்டிக் துண்டு



கனடாவுக்கு வந்த நம்மவர்களில் பலருக்கு முதல் வீடு ஒரு பேஸ்மென்ட்தான். இன்றும் நம்மில் பலர் அங்கேதான் படிக்கிறோம், உறங்குகிறோம். அங்கே வைக்கவேண்டிய ஒரு சின்னப் பெட்டியைப் பற்றி இந்த மாதம் பார்ப்போம். அதில் பட்டரி இல்லை, வயர் இல்லை. உள்ளே இருப்பது ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு. பெரும்பாலும் அது சி.ஆர்-39, மூக்குக்கண்ணாடி வில்லை செய்யும் அதே பிளாஸ்டிக்.

மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்து சிதைந்து ரேடான் என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நிலத்தின் வெடிப்புகள் வழியே வீட்டுக்குள் வந்துவிடும். ரேடான் அணு சிதையும்போது ஓர் ஆல்பா துகளை வீசுகிறது. அது நேர்மின்னேற்றம் கொண்ட ஹீலியம் கரு. காற்றில் சுமார் 4 சென்டிமீட்டர்தான் போகும், ஒரு கடதாசியே அதைத் தடுத்துவிடும். ஆனால் பிளாஸ்டிக்குக்குள் புகுந்தால், போகும் வழியில் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடும்.

அந்தக் காயம் சாதாரண மைக்ரோஸ்கோப்பிலும் தெரியாது. ஆய்வுகூடத்தில் அந்தத் துண்டைச் சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சில மணி நேரம் வைப்பார்கள். காயப்பட்ட இடம் மற்ற இடங்களைவிட வேகமாகக் கரைந்து குழியாகும். குழிகளை எண்ணினால் வீட்டின் ரேடான் அளவைக் கணக்கிடலாம். 1958இல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் டி.ஏ. யங் என்பவர் லித்தியம் புளோரைடு படிகத்தில் இப்படி அரித்துத் தடம் கண்டார். சி.ஆர்-39இன் இந்தக் குணம் 1978இல் தெரியவந்தது.

மூச்சோடு உள்ளே போகும் ரேடானும், அதிலிருந்து பிறக்கும் பொலோனியமும் நம் நுரையீரலின் உயிரணுக்களை இப்படியே காயப்படுத்துகின்றன. அது நோயாக வெளிப்பட ஆண்டுகள் பல ஆகலாம். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைத்தலுக்கு அடுத்த காரணம் ரேடான்தான். புகைப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

ரேடான் அளவு நாளுக்கு நாள் மாறும். அதனால் குறைந்தது 3 மாதமாவது பெட்டியை வைத்திருக்க வேண்டும். ஜன்னல்கள் மூடிக்கிடக்கும் குளிர்காலமே நல்லது. நாளுக்கு 4 மணி நேரமாவது ஆட்கள் இருக்கும் கீழ்த்தள அறையில் வையுங்கள். சமையலறையிலும் குளியலறையிலும் வேண்டாம்.

கனடாவின் வழிகாட்டி அளவு கனமீட்டருக்கு 200 பெக்கரல். அதைத் தாண்டினால் பதற வேண்டாம். நிலத்துக்குக் கீழே குழாய் இறக்கி, விசிறி பூட்டி, வாயுவை வெளியேற்றிவிடலாம். இன்றைக்கே அப்பா, அம்மாவிடம் சொல்லுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடமும் பேசச் சொல்லுங்கள்.