பச்சைப் புள்ளி எல்லாம் வீகன் ஆகுமா?

திராட்சைப் பழத்தில் செய்யும் ஒயினில் அசைவம் எங்கே வந்தது என்று நமக்குக் கேட்கத் தோன்றும். மேல்நாட்டு வியாபாரிகளுக்கோ இது பழகிய வழக்கு. பழரசம் புளித்து முடிந்ததும் கலங்கலாக நிற்கும். அதைத் தெளிய வைக்க முட்டையின் வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை ஆகியவற்றில் ஒன்றைச் சேர்ப்பதுண்டு. அது கலங்கலைப் பிடித்துக்கொண்டு வண்டலாக அடியில் தங்கிவிடும். தெளிந்த ஒயின் பாட்டிலுக்குப் போகும். பெண்டோனைட் என்னும் களிமண்ணைக் கொண்டு தெளிய வைப்போரும் உண்டு. பார்வைக்கு இரண்டு பாட்டிலும் ஒன்றே. ஆனால் ஒன்று வீகன், மற்றது அல்ல.

ஒயின் நம் கடைச் சரக்கல்ல. ஆயினும் அந்தக் கேள்வி நம் கல்லாவுக்கு வந்துவிட்டது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் மிளகும் காப்பிக்கொட்டையும் மட்டும் கேட்பதில்லை. “இந்தத் தினை உருண்டை வீகனா?” என்றும் கேட்கிறார்கள். எடப்புளி நாட்டில் பெட்டிக்கடை வைத்திருப்பவரும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

“பச்சைப் புள்ளி இருக்கிறது, தாராளமாகச் சாப்பிடுங்கள்” என்று சொல்லிவிடுவது நம்மில் பலரின் வழக்கம். அது தவறு. பாலையும் தேனையும் தேன்மெழுகையும் அரக்கையும் நம் நாட்டுச் சட்டம் அசைவத்தில் சேர்க்கவில்லை. அதனால் பால் பவுடர் கலந்த பிஸ்கட்டுக்கும் பச்சைப் புள்ளி உண்டு. வீகன்காரரோ பாலும் தொடமாட்டார், தேனும் தொடமாட்டார். தேனும் நெய்யும் விட்டுப் பிடித்த தினை உருண்டை சைவம்தான், வீகன் அல்ல. வெறும் தினை, சாமை, மிளகு என்றால் தயங்காமல் ஆம் என்று சொல்லலாம். வெல்லம் என்றால், பாகின் அழுக்கெடுக்க வெண்டைச் செடிச் சாறு விட்டார்களா, வேறு எதையாவது விட்டார்களா என்று காய்ச்சியவரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

இதற்கென்றே 2022-ல் வீகன் உணவு விதிமுறைகள் வந்துள்ளன. சரக்கில் சேரும் பொருள் மட்டுமல்ல, தயாரிக்கும்போது பயன்பட்டு வெளியேறும் பொருளும் விலங்கிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது என்கின்றன அவை. ஒயின் கேள்விக்கும் அதிலேயே விடை இருக்கிறது. எவ்வளவு சிறு அளவில் சேர்த்தாலும் அது செடியிலிருந்து வந்ததா விலங்கிலிருந்து வந்ததா என்று தயாரிப்பாளர் தெரிவிக்க வேண்டும் என 2021 டிசம்பரில் டில்லி உயர் நீதிமன்றமும் கூறியது.

கடைக்காரருக்கும் இதில் கடமை உண்டு. வீகன் சரக்கை மற்றவற்றுடன் கலக்காமல், தனியே தெரியும்படி அடுக்க வேண்டும். வீகன் முத்திரையைத் தயாரிப்பவர் முறைப்படி ஒப்புதல் பெற்றே போட முடியும். நாமாக ஒரு சீட்டு அச்சடித்து ஒட்டினால் அது தவறான லேபிள் ஆகும். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். நாலு பொட்டலம் கூடுதலாக விற்க ஆசைப்பட்டுக் கடை முதலையே இழப்பானேன்?

இதெல்லாம் பட்டணத்து நாகரிகம் என்று சிரிக்கும் நண்பர்கள் உண்டு. அமாவாசைக்கு வெங்காயம், பூண்டு சேராத ஊறுகாய் கேட்டு வருபவரிடம் நாம் பொய் சொல்வதில்லையே? வீகன்காரரின் விரதமும் அப்படித்தான். கொள்கை அவருடையது, வாக்கு நம்முடையது. அட்டையைப் படித்துச் சொல்வோம். தெரியாவிட்டால், “விசாரித்துச் சொல்கிறேன்” என்போம். அப்படிச் சொல்லும் கடைக்கு வாடிக்கையாளர் மறுபடியும் மலையேறி வருவார்.