"நடிப்புத்தானே சார்?"

கடந்த வாரம் ஓய்வு நேரத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வீங்கிய நெற்றியோடு என்முன் வந்து நின்றான். கைத்தொலைபேசியில் கண்ட ஜப்பானிய மல்யுத்தத்தைப் போலத் திடலில் நண்பனோடு தலையை முட்டிப் பார்த்தானாம்! தந்தையை அழைத்துச் சொன்னேன். "அதெல்லாம் நடிப்புத்தானே சார்?" என்று சிரித்தார்.

பெற்றோர்களே, முடிவுதான் நடிப்பு, அடி நடிப்பன்று!

நான் மல்யுத்தத்தை வெறுப்பவன் அல்லன். கோல சிலாங்கூர்த் தோட்டத்தில் தாராசிங், கிங்காங் கதைகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன். வலிப்பதுபோல் காட்டி, எதிராளியின் உடலைக் காப்பதே அக்கலையின் திறன். இன்றோ, 'உண்மையாகவே அடிக்கிறார்கள்' என்பதே பெரும் புகழ்மொழி ஆகிவிட்டது.

அதன் விலை என்ன? 2009 ஜூனில் ஹிரோஷிமாவில், பின்புறமாகத் தூக்கி வீசப்பட்ட மிசாவா நினைவிழந்தார்; அன்றிரவே மாண்டார். 2017 ஏப்ரலில் ஷிபாத்தா தம் தலையால் ஒக்காடாவின் தலையில் மோதினார். பார்வையாளர்கள் ஆர்ப்பரித்தனர். மோதியவருக்கே மண்டைக்குள் குருதி கசிந்தது. அவசர அறுவை சிகிச்சை நடந்தது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் அவர் களம் காணவில்லை. இதையா வீரம் என்பது? தலையை முட்ட என்ன திறன் வேண்டும்?

கைத்தொலைபேசியைப் பிடுங்கிவிட்டால் போதாது. ஆசிரியர்களே, பெற்றோர்களே, பிள்ளையின் அருகில் அமர்ந்து அந்தப் போட்டியைப் பாருங்கள். கைதட்டல் ஓய்ந்தபின் ஷிபாத்தாவுக்கு நேர்ந்ததையும் சொல்லுங்கள். அந்தப் பகுதியைக் காணொளி காட்டாது. நாம்தாம் காட்ட வேண்டும்.